போட்டாலும் காப்பாற்றாத பெல்ட்: பழைய லாரிகளில் அபராதம் டிரைவருக்கு, பழுதுபார்ப்பது யார்?

எஃப்.சி.க்குப் போகும் லாரியை முந்தைய நாள் பட்டறையில் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பம்பருக்குப் புது பெயின்ட், பக்கவாட்டில் பளபளக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், உடைந்த இண்டிகேட்டருக்குப் புது மூடி, நம்பர் பிளேட்டுக்குப் புது எழுத்து. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் சீட் பெல்ட்டை மட்டும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இருக்கிறதா, இருக்கிறது. இழுத்தால் வருகிறதா, பாதி வருகிறது. போதும் என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். வெயிலில் கறுப்பு நிறம் சாம்பலாகியிருக்கும். கதவில் சிக்கி நசுங்கிய இடத்தில் ஒரு வெட்டு. இழுத்துவிட்டால் திரும்ப உள்ளே போகாமல் மடியில் சுருண்டு கிடக்கும். சில லாரிகளில் பக்கிள் பூட்டாது என்பதால், பெல்ட்டின் நுனியை சீட்டுக்கு அடியில் சொருகிவிட்டு ஓட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கும் கேமராவுக்கும் பெல்ட் போட்ட மாதிரியே தெரியும்.

‘சீட் பெல்ட் அணிவீர்’ என்று சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி பலகை இருக்கிறது. அணியும் பெல்ட் வேலை செய்யுமா என்று கேட்கும் பலகை எங்கும் இல்லை. பழைய லாரிகளைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி அதுதான்.

சட்டம் என்ன கேட்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, சீட் பெல்ட் அணியாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். தமிழகத்தில் இந்தப் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. கார், லாரி என்ற வித்தியாசம் கிடையாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-வது விதி, பெல்ட் பொருத்தப்பட்ட வாகனத்தில் ஓட்டுநரும் முன்சீட்டில் இருப்பவரும் அதை அணிந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. 125-வது விதி, வாகனத்தைத் தயாரிக்கும் நிறுவனம் பெல்ட்டைப் பொருத்தித் தர வேண்டும் என்கிறது. அதாவது, வண்டி ஆலையை விட்டு வெளியே வரும் நாளில் பெல்ட் இருந்ததா என்பதற்குக் கம்பெனி பொறுப்பு. இன்று காலை அணிந்தாரா என்பதற்கு ஓட்டுநர் பொறுப்பு. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே பதினைந்து, இருபது வருடங்கள் ஓடியிருக்கும். அந்த இடைவெளியில்தான் பெல்ட் தேய்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் என்று அதில் தனியாகக் கணக்கிடப்பட்டவர்கள் 16,715 பேர்; ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. எல்லா வாகனங்களுக்கும் சேர்த்த எண்ணிக்கை இது. அணிந்தாரா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கான பதில்தான் இந்தக் கணக்கில் இருக்கிறது. அணிந்த பெல்ட் அறுந்ததா, பக்கிள் கழன்றதா, போல்ட் தரையோடு பிய்த்துக்கொண்டு வந்ததா என்பதெல்லாம் இந்த எண்களில் தெரியாது.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின்சீட் பெல்ட் பற்றி நாடே பேசியது. அடுத்த ஆண்டு மே மாதம், பெல்ட் போடாமலேயே காரின் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்புகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. அந்தப் பரபரப்பு முழுக்க கார்களைச் சுற்றியே ஓடியது. பழைய லாரிக்கு அந்தக் கிளிப் தேவையே இல்லை. எச்சரிக்கை ஒலி இருந்தால்தானே நிறுத்துவதற்கு!

ஒரு பட்டையால் என்ன செய்ய முடியும்?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று நின்றால், உள்ளே இருப்பவர் கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி என்று வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டும், நசுங்கும் கேபினும் சேர்ந்து 70 கிலோ எடையுள்ள ஓட்டுநரை அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்துவதாக எடுத்துக்கொண்டால், சராசரியாக 1,400 கிலோ எடை அளவுக்கு விசை தேவைப்படும். அந்த விசையை மார்பெலும்பும் இடுப்பெலும்பும் தாங்கும்படி பரப்பிக் கொடுப்பதுதான் பெல்ட்டின் வேலை. பெல்ட் இல்லையென்றால் அதே வேலையை ஸ்டீயரிங் கம்பியும் முன்கண்ணாடியும் சில அங்குல தூரத்தில் செய்துவிடும்.

பெல்ட் பட்டை பாலியஸ்டர் இழைகளால் நெய்யப்படுகிறது. ஐ.நா.வின் 16-ம் எண் விதிமுறைப்படி அதன் அகலம் 46 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அறுபடுவதற்கு முன் குறைந்தது 14.7 கிலோநியூட்டன், அதாவது சுமார் 1,500 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்க வேண்டும். வெயில், ஈரம், குளிர், உராய்வு எல்லாம் பட்ட பிறகும் அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். புது பெல்ட்டுகள் பொதுவாக இதைவிடக் கூடுதலாகவே தாங்கும். ஆனால் ஆய்வகத்தில் காட்டும் வெயிலும் உராய்வும் ஒரு குறிப்பிட்ட அளவோடு நின்றுவிடும். நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கு மாதம் இரண்டு நடை போகும் லாரிக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது.

லாரி பெல்ட்டுக்கு எதிரிகள் அதிகம். ஓட்டுநரின் வலது பக்க ஜன்னல் வழியே விழும் வெயில் இழையைச் சன்னஞ்சன்னமாகப் பலவீனமாக்கும். எம்-சாண்டும் சிமென்டும் ஏற்றும் வண்டியில் தூசு இழைகளுக்குள் புகுந்துகொண்டு, பட்டை ஒவ்வொரு முறை வளையும்போதும் அரம் மாதிரி உள்ளிருந்தே அறுக்கும். பீடி நெருப்பு ஒரு பொட்டு விழுந்தால் பாலியஸ்டர் உருகி முடிச்சாகிவிடும். லோடு கிடைக்காமல் ஷெட்டில் நிற்கும் வண்டியில் எலி கடிக்கும். இவை எல்லாவற்றையும்விட சாதாரணமான காரணம் கதவு. சரியாக உள்ளே இழுக்காத பெல்ட் வெளியே தொங்கும். அவசரத்தில் அதன் மேலேயே கதவை அடித்துச் சாத்துவார்கள். தினமும் அதே இடத்தில்.

ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் வெட்டு இருந்தால், மீதி அகலம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். துணிக்கடையில் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டு, மீதியைக் கையாலேயே சரசரவென்று கிழிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். பெல்ட் நெசவு துணியைவிடப் பல மடங்கு உறுதியானது. ஆனாலும் முழு இழுவை வரும்போது அது முதலில் விட்டுக்கொடுக்கும் இடம் அந்த வெட்டாகத்தான் இருக்கும்.

‘போட்டா வயித்தை அமுக்குது’

ஓட்டுநர்கள் பெல்ட்டைத் தவிர்ப்பதற்கு ஒழுக்கமின்மைதான் காரணம் என்று முடித்துவிடுவது சுலபம். அவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டால், பாதிக்கு மேல் இயந்திரக் கோளாறு என்பது தெரியும்.

“மேடு பள்ளத்துல ஒவ்வொரு தடவையும் லாக் ஆகிடுது” என்பது ஒன்று. அது உண்மை. பெல்ட்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் ரிட்ராக்டர் என்ற சுருள்பெட்டிக்குள் பொதுவாக இரண்டு உணர்விகள் இருக்கும். ஒன்று, வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ நகரும் ஒரு சின்ன குண்டு. இன்னொன்று, பட்டை வேகமாக வெளியே இழுக்கப்பட்டால் பூட்டும் அமைப்பு. பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய லாரியில், கேபினே குலுங்கும்போது குண்டு அடிக்கடி நகர்ந்து பூட்டிக்கொள்ளும். உள்ளே தூசு அடைந்து, ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் பூட்டு விடுபடவும் நேரமாகும். ஓட்டுநர் முன்னால் குனிந்து கண்ணாடியைப் பார்க்கக்கூட முடியாது. பத்து நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவார்.

“வயித்தை அமுக்குது” என்பது இன்னொன்று. மடியில் வரும் பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகக் கிடக்க வேண்டும். பழைய லாரியில் சீட்டைப் பட்டறையில் மாற்றிக் கட்டியிருப்பார்கள். அதன் மேல் ஒரு பஞ்சு மெத்தை, அதன் மேல் மணி கோத்த விரிப்பு, முதுகுக்கு ஒரு தலையணை. உட்காரும் உயரம் மாறிவிடும். பெல்ட் பொருத்திய இடம் மாறாது. பட்டை இடுப்பை விட்டு வயிற்றின் மேல் ஏறிவிடும். அசௌகரியம் ஒருபக்கம் இருக்கட்டும், விபத்தில் அந்த விசை முழுக்க எலும்பில்லாத வயிற்றில் இறங்கும். குடலும் ஈரலும் காயப்படுவது இப்படித்தான். இந்த இறுக்கத்தைத் தவிர்க்கத் தோள்பட்டையில் துணி கிளிப் மாட்டி, பெல்ட்டைத் தளர்வாக நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. பத்து சென்டிமீட்டர் தளர்வு என்றால், பெல்ட் பிடிக்கத் தொடங்கும் முன்பே உடம்பு பத்து சென்டிமீட்டர் பறந்திருக்கும் என்று அர்த்தம். அரை மீட்டர் கணக்கில் அது பெரிய இழப்பு.

மூன்றாவது, “கேபின் நசுங்கினா பெல்ட்டு போட்டவன் மாட்டிக்குவான்.” இந்தப் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. முன்மூக்கு இல்லாத லாரியில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடுதான். நின்றிருக்கும் இன்னொரு லாரியின் பின்னால் வேகமாக மோதினால் பெல்ட் செய்யக்கூடியது குறைவு. ஆனால் லாரி விபத்துகள் எல்லாம் அப்படிப்பட்டவை கிடையாது. வளைவில் வண்டி கவிழ்வது, சென்டர் மீடியனில் ஏறுவது, பள்ளத்தில் இறங்குவது போன்றவற்றில் ஓட்டுநர் கதவு வழியாகவோ கண்ணாடி வழியாகவோ வெளியே வீசப்பட்டு, தன் வண்டியின் அடியிலேயே சிக்குவதுதான் பெரிய ஆபத்து. அங்கே கேபினுக்குள் தங்கியிருப்பதே உயிர் பிழைக்கும் வாய்ப்பு. அதற்கும் பக்கிள் கழன்று வரக் கூடாது. விபத்துக்குப் பிறகு பட்டனை அமுக்கினால் விடுபடவும் வேண்டும். துரு ஏறிய பக்கிள் இந்த இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்யாது. ஓட்டுநரின் பயத்துக்கு நல்ல பதில் நல்ல பக்கிள்தான்.

தைக்கலாமா?

பெல்ட் கிழிந்தால் முதலில் தோன்றும் யோசனை, சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்து மேலே ஒரு துணி வைத்து இரண்டு வரி தையல் போட்டு வாங்குவது. லாரிப் பேட்டைகளில் இது சாதாரணமாக நடக்கிறது. பார்க்க நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் பெல்ட்டில் செய்யவே கூடாத வேலை அது.

ஆலையில் பெல்ட்டின் நுனிகளில் போடப்படும் தையலைக் கவனித்தால், நெருக்கமான கோடுகள் ஒரு குறிப்பிட்ட கட்டம்போல இருக்கும். எத்தனை தையல், எந்த நூல், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் இழுவைச் சோதனையில் தேறியவை. கடையில் போடும் தையலுக்கு அந்தச் சோதனை கிடையாது. ஊசி ஏறும் ஒவ்வொரு இடத்திலும் மூல இழைகள் சிலவும் அறுபடும். அதோடு, விபத்தில் பட்டை கொஞ்சம் நீள்வதே அதன் வேலையில் ஒரு பங்கு; அந்த நீட்சிதான் நெஞ்சில் விழும் அடியை மென்மையாக்குகிறது. நடுவில் தடிமனாகத் தைத்த இடம் நீளாது. ரிட்ராக்டருக்குள் போகும்போது சிக்கவும் செய்யும்.

இதே காரணத்தால், ஒரு பெரிய விபத்தைத் தாங்கிய பெல்ட்டைக் கிழியாவிட்டாலும் மாற்றியாக வேண்டும். அது ஒருமுறை நீண்டுவிட்டது. அடுத்த முறை அதே அளவு நீளாது. தோளுக்கு மேலே பட்டை திரும்பும் வளையத்தில் உருகிய பிளாஸ்டிக் தடமோ, பட்டையில் பளபளப்பாக அழுந்திய கோடோ தெரிந்தால் அந்த பெல்ட் ஏற்கெனவே ஒருவரைத் தாங்கியிருக்கிறது என்று பொருள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும் பெல்ட்டை வாங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அங்கே வரும் வண்டிகளில் கணிசமானவை எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்று யோசித்தாலே போதும்.

மாற்றுவதென்றால் எதை மாற்றுவது?

பட்டை மட்டும் தனியாக மாற்றும் பொருள் கிடையாது. பட்டை, ரிட்ராக்டர், பக்கிள் மூன்றும் ஒரே செட். வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி, அந்த மாடலுக்கான செட்டைக் கம்பெனி உதிரிபாகக் கடையில் வாங்குவதுதான் சரி. பட்டையின் அடிப்பகுதியில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த தேதி, தர எண் அச்சிட்ட லேபிள் தைக்கப்பட்டிருக்கும். லேபிள் இல்லாததை விலை குறைவு என்பதற்காக வாங்கக் கூடாது.

கார் பெல்ட்டை லாரியில் மாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் நிறைய. சிக்கல் சாய்மானத்தில் இருக்கிறது. ரிட்ராக்டருக்குள் இருக்கும் குண்டு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. காரின் தூணுக்கென்று செய்த பெட்டியை லாரி கேபினின் சரிவில் வேறு கோணத்தில் முடுக்கினால், ஒன்று அது எப்போதும் பூட்டியே இருக்கும், இல்லை பூட்ட வேண்டிய நேரத்தில் தாமதமாகும். முதல் வகை தொல்லை. இரண்டாவது வகை ஓட்டுநருக்கு வசதியாக, வழுக்கிக்கொண்டு வரும். அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.

பெல்ட்டைவிடப் பெரிய பிரச்சினை அது பிடித்துக்கொண்டிருக்கும் இடம். தமிழகத்தில் ஓடும் பழைய லாரிகளில் பலவற்றுக்கு முழு கேபின் ஆலையில் செய்யப்படவில்லை. முன்முகப்பும் இன்ஜினும் உள்ள சேசிஸை வாங்கி, நாமக்கல் போன்ற ஊர்களில் பாடி கட்டுவார்கள். கேபினும் அங்கேயே மரச்சட்டமும் தகடுமாக உருவாகும். அந்தத் தொழிலாளிகளின் கைத்திறன் இந்தியா முழுக்கப் பேர் பெற்றது. ஆனால் விபத்தில் டன் கணக்கில் வரும் இழுவையை எந்தச் சட்டம் தாங்கும், போல்ட் எங்கே நிற்கும் என்பது அன்றைய கணக்கிலேயே இல்லை. லாரி கேபினுக்கென ஏஐஎஸ்-093 என்ற தரநிலை வந்ததும், முழு கேபினோடு லாரிகள் ஆலையிலிருந்து வருவது பரவலானதும் பின்னாளில்தான்.

அப்படிப்பட்ட பழைய கேபினில் புத்தம் புது பெல்ட்டை வாங்கி, துரு ஏறிய தரைத் தகட்டில் சாதாரண போல்ட் போட்டு முடுக்கினால், மோதலில் பெல்ட் அறுபடாது. போல்ட் தகட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். பெல்ட்டுக்கான போல்ட்டுகள் உயர் வலிமை எஃகில் செய்யப்பட்டவை. தலையில் அதன் தர எண் பொறித்திருக்கும். தகட்டுக்கு அடியில் விசையைப் பரப்ப ஒரு தடிமனான தட்டு வேண்டும். போல்ட்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குத் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் முதலில் டிங்கரிங் வேலை, பிறகுதான் பெல்ட். பக்கிளின் தண்டு ஆடினால் அதற்கு வெல்டிங் வைப்பதும் வழக்கம். சூடு பட்ட எஃகு தன் பழைய வலிமையை இழந்துவிடும் என்பதால் அதுவும் கூடாது. கேபினுக்குள் வேறு எதற்காவது வெல்டிங் நடந்தால்கூட பெல்ட்டை ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். பொறி விழுந்த இடம் கறுப்புப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாது, தடவினால்தான் சொரசொரப்பாகத் தெரியும்.

கிளீனர் நிலைமை இன்னும் மோசம். இடது சீட்டில் பெல்ட் இருந்தால் பெரிய விஷயம். பல வண்டிகளில் அவர் உட்காருவது இன்ஜின் மூடியின் மேல் விரித்த மெத்தையில். அங்கே பெல்ட் என்ற பேச்சே இல்லை.

செலவு யாருடையது?

புது லாரிகளில் நிலைமை மாறி வருகிறது. லாரி கேபினில் ஏ.சி. கட்டாயம் என்ற விதி 2025-ல் அமலுக்கு வந்தது. ஓட்டுநரின் உடல்நிலையும் பாதுகாப்பு சார்ந்த விஷயம் என்று அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. ஆனால் விதி புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு மட்டும்.

பழைய வண்டிகளுக்கு வந்தது வேறு செய்தி. எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பது விதி. 2025 நவம்பரில் மத்திய அரசு அந்தச் சான்றுக்கான கட்டணத்தை வண்டியின் வயதைப் பொறுத்துப் பல மடங்கு உயர்த்தி அறிவித்தது. 20 ஆண்டைத் தாண்டிய கனரக வாகனத்துக்கு 25,000 ரூபாய். பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்குவதே நோக்கம். ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் உரிமையாளர் என்ன செய்வார்? வண்டியை மாற்ற வழியில்லாதவர் கட்டணத்தைக் கட்டுவார், டயர் வாங்குவார், டீசல் போடுவார், டோல் கட்டுவார். மிச்சம் பிடிக்க இடம் தேடும்போது பெல்ட் கண்ணில் படும். ஒரு லாரி டயரின் விலையோடு ஒப்பிட்டால் பெல்ட் செட் சின்னத் தொகைதான். ஆனால் டயர் இல்லாமல் வண்டி ஓடாது. பெல்ட் இல்லாமல் ஓடும்.

இத்தனை கட்டணம் வாங்கும் சோதனையில் பெல்ட்டுக்கு என்ன இடம்? தேய்ந்த பட்டை எவ்வளவு இழுவை தாங்கும் என்று அளக்கும் சோதனை தகுதிச் சான்று மையத்தில் கிடையாது. எந்த நாட்டு மையத்திலும் அதை அறுத்துப் பார்க்க முடியாதுதான். கண்ணால் பார்த்தும் கையால் இழுத்தும்தான் சொல்ல முடியும். அதையாவது எப்படிப் பார்ப்பது என்று எழுதி வைக்கலாம். பிரிட்டனில் கனரக லாரிகளின் ஆண்டுச் சோதனைக் கையேட்டில் சீட் பெல்ட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பட்டையில் வெட்டோ பிரிந்த இழையோ, பூட்டாத பக்கிளோ, பிடிமானத்தைச் சுற்றித் துருவோ கண்டால் வண்டி தேறாது. இங்கே ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எந்த நிறத்தில், எந்த இடத்தில் என்று காட்டும் கண்டிப்பில் பாதியை பெல்ட்டிடம் காட்டினால் போதும். இதற்குப் புது இயந்திரம் தேவையில்லை. ஒரு டார்ச் லைட்டும் இரண்டு நிமிடமும் போதும்.

அதுவரை கணக்கு இப்படித்தான் ஓடும். பிடிபட்டால் சாலான் வண்டி எண்ணுக்கு வரும். ‘பெல்ட் போடாதது உன் தப்பு’ என்று உரிமையாளர் அதை ஓட்டுநரின் பேட்டாவில் கழிப்பார். பூட்டாத பெல்ட்டை எப்படிப் போடுவது என்ற கேள்வியை ஓட்டுநர் கேட்டால், வேறு ஓட்டுநர் கிடைப்பார். சட்டம் அபராதத்தை அணியாதவர்மேல் வைக்கிறது. அணியத் தகுந்த பெல்ட்டை வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர்மேல் அதே அழுத்தத்தோடு வைக்கவில்லை. லாரி உரிமையாளர் சங்கங்கள் டயரும் ஆயிலும் மொத்தமாகப் பேசி வாங்குவதைப் போல பெல்ட் செட்டையும் வாங்கினால் விலை இன்னும் குறையும். ஆனால் கேட்பவர் இருந்தால்தான் வாங்குவார்கள்.

வண்டி எடுக்கும் முன்

சோதிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. பட்டையை முழுக்க, கடைசிச் சுற்றுவரை வெளியே இழுக்க வேண்டும். வழக்கமாகச் சேதம் ஒளிந்திருப்பது உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில்தான். இரண்டு ஓரங்களையும் விரல்களுக்கு நடுவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். லேசான பஞ்சு மட்டும் இருந்தால் கவனித்து வரலாம். வெட்டு, உருகிய பொட்டு, பிரிந்த தையல், பாதி வெளுத்து விறைத்த பகுதி இருந்தால் மாற்ற வேண்டும். பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். விட்டால் முழுக்க உள்ளே போக வேண்டும். பக்கிளைப் பத்து முறை பூட்டித் திறந்து பார்க்கலாம். பூட்டிய பிறகு பலமாக இழுத்தும் வராமல், பட்டனை ஒரு விரலால் அமுக்கியதும் துள்ளி வெளியே வந்தால் சரி.

மெதுவாக உள்ளே போகும் பெல்ட் எல்லாமே கெட்டுப்போனது கிடையாது. பாதி நேரம் குற்றவாளி அழுக்குதான். அதற்கு ஆயிலோ கிரீஸோ டீசலோ போடுவது பட்டறைப் பழக்கம். எண்ணெய்ப் பசையில் இன்னும் கொஞ்சம் தூசு ஒட்டி, ஒரு மாதத்தில் பெல்ட் பழையபடி சிக்கும். ஆயுத பூஜைக்கு லாரி கழுவும்போது பிளீச்சிங் கலந்த தண்ணீரில் பெல்ட்டையும் ஊறவைப்பது இழையையே கெடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு, ஒரு மென்மையான பிரஷ் போதும். தோள் வளையத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பிசுக்கை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பிறகு பட்டையை முழுக்க வெளியே இழுத்து, திரும்ப உள்ளே போகாமல் ஒரு கிளிப் மாட்டி, வெயில் படாமல் ஒரு ராத்திரி காயவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடிக்கும். காலையில் கிளிப்பை எடுத்ததும் பெல்ட் தானாக உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது. பாதியில் நின்றுவிட்டால், அடுத்த லோடு ஏற்றும் முன் புது செட் வாங்க வேண்டும்.